வல்லரசு நண்பனிடமிருந்து ஒரு நாடு விலகுகிறதா? அளந்து பார்க்கும் முறை

டெல்லியில் ஆட்சிப்பணித் தேர்வுக்கு அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள், ஜேஎன்யுவில் சர்வதேச உறவுகள் படிப்பவர்கள், சென்னை நாளிதழ்களுக்கு இங்கிருந்து வெளியுறவுச் செய்தி எழுதுபவர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் ஒரே கேள்வி துரத்துகிறது: இன்ன நாடு தன் பெரிய கூட்டாளியின் பிடியிலிருந்து வெளியே வந்துவிட்டதா? பதில்களில் பெரும்பாலானவை தலைவர்களின் மேடைப் பேச்சை வைத்தே எழுதப்படுகின்றன. வாய்ச்சொல் வீரம் எல்லாத் தலைநகரிலும் உண்டு, அதை அளக்கவும் முடியாது. அளக்க முடிந்தவை வேறு இடத்தில் இருக்கின்றன: ஒப்பந்தத்தின் கடைசி ஷரத்து, ஐ.நா. வாக்குப் பதிவு, உதிரிபாகம் வரும் வழி, எரிவாயுக் குழாய்.

ஒரு மடிக்கணினி, ஒரு எக்செல் தாள், இரண்டு மூன்று நூலகங்கள் இருந்தால் வேலை நடக்கும். தொடங்கும் முன் தலைப்பைக் குறுக்கிக்கொள்ளுங்கள். ‘இந்தியாவின் சுதந்திர வெளியுறவுக் கொள்கை’ என்பது ஆராயக்கூடிய தலைப்பே அல்ல. ‘1971 முதல் 1993 வரை சோவியத் ஒன்றியத்துடனும் ரஷ்யாவுடனும் இந்தியா’ என்றால் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. நீங்கள் எடுக்கும் காலத்துக்குள் குறைந்தது ஒரு ஆட்சி மாற்றமும், பெரியவன் சின்னவனிடம் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டிய ஒரு நெருக்கடியும் வர வேண்டும். இவை இல்லாத பத்தாண்டை எடுத்தால், அளக்க ஒன்றும் இருக்காது.

நான்கு கட்டங்கள்

எக்செல் தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள். பெரியவன் கேட்டது என்ன? மறுத்தது யார்? அதற்குக் கொடுத்த விலை என்ன? அடுத்த ஆட்சியிலும் அந்த மறுப்பு நின்றதா? ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி. நான்கும் நிரம்பினால்தான் அது விலகல். ஒன்று காலியாக இருந்தாலும் வேறு சொல்லைத் தேடுங்கள்.

நான்கும் நிரம்பிய வரிக்கு நியூசிலாந்தைப் பாருங்கள். 1985-ல் ‘புக்கானன்’ என்ற போர்க்கப்பலைத் துறைமுகத்தில் அனுமதிக்கும்படி அமெரிக்கா கேட்டது. கப்பலில் அணு ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதில்லை என்பது அமெரிக்கக் கடற்படையின் கொள்கை. பிரதமர் டேவிட் லாங்கேயின் அரசு அனுமதி மறுத்தது. 1986 ஆகஸ்டில், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா மூன்றும் சேர்ந்த அன்சஸ் பாதுகாப்பு ஒப்பந்தப்படி நியூசிலாந்துக்குத் தான் தரவேண்டிய பாதுகாப்புக் கடமையை அமெரிக்கா நிறுத்தி வைத்தது, உளவுத் தகவலும் குறைந்தது. 1987-ல் மறுப்பு சட்டமானது. 1990-ல் எதிர்க்கட்சியான தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தும் சட்டத்தைத் தொடவில்லை. 2016-ல் ‘சாம்ப்சன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வந்தபோது, நியூசிலாந்தின் சட்டப்படி பிரதமர் அனுமதி கொடுத்த பிறகே வந்தது.

அதே நியூசிலாந்தின் இன்னொரு வரியையும் எழுதாமல் விடாதீர்கள். கப்பலுக்குக் கதவடைத்த அதே லாங்கே காலத்தில், அமெரிக்கா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஒற்று வலையமைப்புக்காக வைஹோபாய் நிலையம் திட்டமிடப்பட்டு 1989-ல் இயங்கத் தொடங்கியது. விலகல் எப்போதும் துறைவாரியாகத்தான் நடக்கிறது. முழு நாட்டுக்கும் ஒரே மதிப்பெண் போடும் கட்டுரை இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

இரண்டாம் கட்டத்தில் ‘யார்’ என்று கேட்பதற்குக் காரணம் துருக்கி. 2003 மார்ச் 1 அன்று, இராக் மீது படையெடுக்க அமெரிக்கத் துருப்புகளைத் தன் மண்ணில் அனுமதிக்கும் தீர்மானம் துருக்கி நாடாளுமன்றத்தில் வந்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, வாக்களிக்காமல் விலகியவர்கள் 19. ஆதரவே அதிகம். ஆனால் வந்திருந்த 533 பேரில் பாதிக்கு மேல், அதாவது 267 வேண்டும். மூன்று வாக்கில் தோற்றது. தீர்மானத்தைக் கொண்டுவந்ததே அரசுதான். இதை ‘அங்காரா வாஷிங்டனை மறுத்தது’ என்று எழுதுவது பாதி உண்மை. அதே மாதம் 20-ம் தேதி அமெரிக்க விமானங்கள் துருக்கி வான்வெளியில் பறக்க அதே நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது என்பதையும் சேர்த்தால்தான் வரி முழுமையாகும்.

பிலிப்பைன்ஸ் நான்காம் கட்டத்துக்கான பாடம். 1991 செப்டம்பர் 16 அன்று அமெரிக்கத் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை செனட் 12க்கு 11 என்று நிராகரித்தது. அதிபர் கொராசோன் அக்கினோ ஒப்பந்தத்தை ஆதரித்தவர். 1992 நவம்பரில் சூபிக் விரிகுடாவிலிருந்து அமெரிக்கக் கடற்படை வெளியேறியது. ‘ஆசியாவின் துணிச்சல்’ என்று இத்தோடு முடித்துவிடும் விடைத்தாள்கள் ஏராளம். 1995-ல் மிஸ்சீஃப் பவளத்திட்டைச் சீனா பிடித்தது. 1998-ல் அமெரிக்கப் படை வந்துபோகும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2014-ல் இன்னொன்று, 2023-ல் அதன்கீழ் அனுமதித்த இடங்கள் ஐந்திலிருந்து ஒன்பதாயின. இடையில், அப்போதைய அதிபர் துதர்தே 2020 பிப்ரவரி 11 அன்று 1998 ஒப்பந்தத்தை முறிப்பதாக நோட்டீஸ் கொடுத்தார். 180 நாள் கெடு முடியும் முன்பே அதை நிறுத்தி வைத்து, 2021 ஜூலையில் திரும்பப் பெற்றார். நோட்டீஸ் கொடுத்த நாளின் செய்தியை மட்டும் வைத்து எழுதியவர்கள் பின்னர் தலையைச் சொறிய வேண்டியதாயிற்று.

முதல் கட்டம்தான் அதிகம் ஏமாற்றும்

பெரியவன் உண்மையில் கேட்டானா என்பதைத் தேதியோடு நிறுவாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் கச்சா எண்ணெய். அமெரிக்காவும் இந்தியாவும் ஒப்பந்தக் கூட்டாளிகள் அல்ல என்றாலும், இந்தக் கட்டத்தை நிரப்பிப் பழக இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

2019 மே மாதம் அமெரிக்கா கொடுத்திருந்த விலக்கு முடிந்ததும் இந்தியா ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. 2022-க்குப் பிறகு ரஷ்ய எண்ணெய் வாங்குவதை நிறுத்தவில்லை. 2 சதவீதத்துக்கும் கீழே இருந்த ரஷ்யப் பங்கு இரண்டே ஆண்டில் நம் இறக்குமதியில் மூன்றில் ஒன்றைத் தாண்டியது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ‘மூன்றே ஆண்டில் டெல்லியின் முதுகெலும்பு நிமிர்ந்தது’ என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். ஈரான் விஷயத்தில் கேட்டது ‘வாங்காதே’, மீறினால் வங்கியும் காப்பீடும் முடங்கும். ரஷ்யா விஷயத்தில் 2022 டிசம்பர் 5 முதல் ஜி-7 நாடுகள் போட்டது பீப்பாய்க்கு 60 டாலர் என்ற உச்சவரம்பு. எண்ணெய் சந்தைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், மாஸ்கோவுக்குப் பணம் குறைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தக் காலத்தில் ‘வாங்காதே’ என்ற திட்டவட்டமான தடை நம் மீது விழவில்லை. ஆக 2022 முதல் 2024 வரையான வரியில் முதல் கட்டம் ஏறக்குறைய காலி.

அது நிரம்பியது 2025 ஆகஸ்டில். ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இந்தியப் பொருட்களுக்குக் கூடுதலாக 25 சதவீத வரியை அமெரிக்கா அறிவித்தது. ஆகஸ்ட் 27 அன்று அது மொத்தம் 50 சதவீதமானது. அக்டோபரில் ரோஸ்நெஃப்ட், லுக்ஆயில் என்ற ரஷ்ய எண்ணெய் நிறுவனங்கள் மீது தடை. இந்தத் தேதிகளுக்குப் பிறகு மாதவாரியாக வாங்கிய அளவு என்ன ஆனது என்பதே உங்கள் ஆய்வு. மூன்றாம் கட்டத்தில் விலை எழுதும்போது யார் கொடுத்தார்கள் என்றும் எழுதுங்கள். முடிவெடுத்தது டெல்லி, ஆர்டர் குறைந்தது திருப்பூர் பின்னலாடைக்கும் ஆம்பூர் தோலுக்கும். முடிவெடுப்பவரும் விலை கொடுப்பவரும் வேறு வேறாக இருந்தால் மறுப்பு எத்தனை நாள் தாங்கும் என்பது உள்நாட்டு அரசியலைப் பொறுத்தது.

ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

முன்னுரையில் எல்லா ஒப்பந்தமும் நித்திய நட்பைத்தான் பேசும். வெளியேறும் ஷரத்து, நோட்டீஸ் காலம், தானாக நீளும் ஏற்பாடு, மூன்றாம் நாட்டைப் பற்றிய ஷரத்து ஆகிய நான்கை மட்டும் தனித்தாளில் எடுத்தெழுதுங்கள்.

1971 ஆகஸ்ட் 9 அன்று டெல்லியில் வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் குரோமிகோவும் கையெழுத்திட்ட இந்திய–சோவியத் ஒப்பந்தம் பயிற்சிக்கு ஏற்றது. எட்டாம் ஷரத்து: மற்றவருக்கு எதிரான ராணுவக் கூட்டணியில் சேரக் கூடாது. ஒன்பதாம் ஷரத்து: தாக்குதலோ மிரட்டலோ வந்தால் உடனே கலந்தாலோசனை. நான்காம் ஷரத்தில் இந்தியாவின் அணிசேராக் கொள்கையை மதிப்பதாக மாஸ்கோ எழுதிக் கொடுத்தது. காலம் 20 ஆண்டு, பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகத் தானே நீளும், வேண்டாம் என்றால் 12 மாதம் முன்பே சொல்ல வேண்டும். 1993 ஜனவரியில் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் டெல்லி வந்தபோது கையெழுத்தான புதிய ஒப்பந்தத்தை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பழைய ஒன்பதாம் ஷரத்தின் பாதுகாப்பு வாசகம் அதில் இல்லை. எந்தத் தலைவரும் ‘விலகினோம்’ என்று சொல்லவில்லை, ஷரத்து மட்டும் போய்விட்டது.

ஒப்பந்தத்தில் இருப்பதும் படைக் கட்டளையில் இருப்பதும் ஒன்றல்ல. பிரான்ஸ் 1966-ல் நேட்டோவின் ஒருங்கிணைந்த படைக் கட்டளையிலிருந்து வெளியே வந்தது, 2009-ல் திரும்பியது. ஆனால் ஒப்பந்தத்தை ஒருநாளும் விட்டதில்லை. ஓராண்டு நோட்டீஸ் கொடுத்து வெளியேற 13-ம் ஷரத்து வழி தந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. தென்கொரியப் படைகளின் அமைதிக்காலக் கட்டளை 1994 டிசம்பரில் அமெரிக்காவிடமிருந்து சியோலுக்கு வந்தது. போர்க்காலக் கட்டளையை ஒப்படைக்க முதலில் 2012, பிறகு 2015 என்று நாள் குறித்தார்கள். 2014-ல் தேதியையே எடுத்துவிட்டு ‘நிபந்தனைகள் நிறைவேறும்போது’ என்று ஆக்கினார்கள்.

அண்மைக்கால ஜோடி வேண்டுமென்றால் ஆர்மீனியா–ரஷ்யா. மாஸ்கோ தலைமையிலான பாதுகாப்பு அமைப்பில் தன் பங்கேற்பை உறையவைத்திருப்பதாக 2024 பிப்ரவரியில் ஆர்மீனியப் பிரதமர் பஷின்யான் சொன்னார். அந்த ஆண்டு ஆகஸ்டுக்குள் எரெவான் விமான நிலையத்திலிருந்து ரஷ்ய எல்லைக் காவலர்கள் போய்விட்டார்கள். ஆர்மீனியா நம்மிடம் பினாகா ராக்கெட்டுகளும் வாங்கியது. ஆனால் தாளின் மறுபக்கத்தில் 2044 வரை குத்தகை உள்ள கியூம்ரி ராணுவத் தளம், ரஷ்யா தலைமையிலான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தின் உறுப்பினர் நிலை, ரஷ்ய நிறுவனமான காஸ்ப்ரோமின் கையில் உள்ள எரிவாயு விநியோகம். கோபம் ஒரு பக்கம், குழாய் மறுபக்கம்.

ஐ.நா. வாக்கு: கணக்கும் கண்ணியும்

ஐ.நா. டிஜிட்டல் நூலகத்தில் வாக்குப் பதிவுகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, பணம் கட்ட வேண்டாம். ஆண்டையும் தலைப்பையும் வைத்து வடிகட்டி, இரு நாடுகளின் வாக்கையும் எக்செல்லில் இறக்குங்கள். இருவரும் ஒரே பக்கம் என்றால் 1. ஒருவர் வாக்களித்து மற்றவர் விலகி நின்றால் அரை. நேர் எதிர் என்றால் 0. பத்துத் தீர்மானத்தில் நான்கு ஒரே பக்கம், ஐந்து அரை, ஒன்று எதிர் என்றால் 6.5, அதாவது 65 சதவீத ஒற்றுமை.

இந்தச் சதவீதத்தை அப்படியே கட்டுரையில் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். பொதுச்சபைத் தீர்மானங்களில் பெரும்பான்மை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாக நிறைவேறுபவை, அவை உங்கள் கணக்கில் வரவே வராது. வாக்கெடுப்புக்கு வருவதிலும் பாலஸ்தீனம் பற்றியவை ஆண்டுதோறும் வருவதால், அமெரிக்காவுடன் ஒப்பிட்டால் உலகத்தில் பாதி நாடுகள் ‘சுதந்திர’ நாடுகளாகத் தெரியும். அவைக்கு வராமல் போனதை, வந்தும் வாக்களிக்காமல் விலகி நின்றதோடு சேர்க்காதீர்கள். சந்தா பாக்கியால் வாக்குரிமை இழந்த நாடுகளும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

பெரிய கண்ணி, நகர்ந்தது யார் என்பது. 2025 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் தீர்மானம் 93 ஆதரவு, 18 எதிர்ப்பு, 65 விலகல் என்று நிறைவேறியது. எதிர்த்தவர்களில் ரஷ்யாவும் அமெரிக்காவும் இருந்தன. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகள் தாங்கள் 2022-ல் நின்ற இடத்திலேயே நின்றும், அமெரிக்காவுடன் அவற்றின் ஒற்றுமை எண் விழுந்தது. பெரியவன் நகர்ந்ததைச் சின்னவனின் துணிச்சலாக எழுதிவிடாதீர்கள். தப்பிக்க எளிய வழி: ஒற்றுமை எண் மாறிய ஆண்டில் இரு நாட்டின் வாக்கையும் முந்தைய ஆண்டின் அதே தலைப்புத் தீர்மானத்தோடு தனித்தனியே ஒப்பிடுவது.

எண்ணை முடித்ததும் மூன்றே மூன்று வாக்குகளை எடுத்து, விளக்கவுரையோடு படியுங்கள். சோவியத் விஷயத்தில் இந்தியாவின் மூன்று வாக்குகள் இதற்குப் போதும். 1956 நவம்பரில் ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் வேண்டும் என்ற தீர்மானத்தை இந்தியா எதிர்த்தது. அப்போது மாஸ்கோவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது, சோவியத் மிக் போர் விமானமும் வரவில்லை. ஐ.நா. மேற்பார்வைத் தேர்தல் என்ற முன்னுதாரணம் நாளை காஷ்மீருக்கு வரும் என்பதே ஐ.நா.வில் இந்தியாவுக்காகப் பேசிய கிருஷ்ண மேனனின் கவலை. 1957 பிப்ரவரியில் காஷ்மீர் தீர்மானத்தை சோவியத் ஒன்றியம் வீட்டோ செய்தது. 1968-ல், மிக் வந்த பிறகு, செக்கோஸ்லோவாகியா பற்றி பாதுகாப்பு சபையில் இந்தியா எதிர்க்காமல் விலகி நின்றது. தீர்மானத்தில் ‘கண்டிக்கிறது’ என்ற சொல் வேண்டாம் என்பது அதன் நிலை. 1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தான் பற்றிய தீர்மானம் 104 ஆதரவு, 18 எதிர்ப்பு, 18 விலகலோடு நிறைவேறியபோதும் இந்தியா விலகியவர்களில் ஒன்று. ஆயுதம் வாங்காத காலத்தில் அதிக ஆதரவு, வாங்கிய காலத்தில் குறைந்த ஆதரவு. ‘ஆயுதம் கொடுத்தவன் வாக்கை வாங்குவான்’ என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த மூன்று வரி நல்ல மருந்து.

ஆயுதப் பட்டியல்

ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனத்தின் ஆயுதப் பரிமாற்றத் தரவு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. ஒற்றை ஆண்டை எடுக்காதீர்கள். ஒரு கப்பல் வந்து சேர்ந்தாலே வரைபடம் குதிக்கும். ஐந்தாண்டுத் தொகுப்பாக எடுங்கள். இந்திய ஆயுத இறக்குமதியில் ரஷ்யப் பங்கு 2010–14-ல் 72 சதவீதம், 2015–19-ல் 55, 2020–24-ல் 36. சரிவு உண்மை. ஆனால் சிப்ரி எண்ணுவது பணத்தை அல்ல, ஆயுதத்தின் திறனை மதிப்பிடும் தனி அலகை. ஆர்டரை அல்ல, வந்து சேர்ந்ததை. பராமரிப்பும் பெரும்பாலான உதிரிபாகமும் கணக்கில் இல்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் சுகோய்-30ஐயும், ஆவடியில் கட்டிய டி-90 டாங்கியையும் ஓடவைக்க இன்னும் பல ஆண்டு யாரிடம் போக வேண்டும் என்பதை அந்த 36 சொல்லாது.

கையைவிட்டு நழுவியது எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் பாருங்கள். நம் தேஜஸ் போர் விமானத்தின் ஜிஇ எஃப்404 எஞ்சின் அமெரிக்காவுடையது, அது தாமதமானால் விமானமும் தாமதம். ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் மாறுவதற்குப் பெயர் பன்முகப்படுத்தல், அவ்வளவுதான். துருக்கி இதை எதிர்த்திசையில் செய்து பார்த்தது. 2019 ஜூலையில் ரஷ்ய எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை வந்து இறங்கிய அதே மாதம் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது, 2020 டிசம்பரில் அமெரிக்கத் தடையும் வந்தது. மூன்றாம் கட்டத்துக்கு இதைவிடத் தெளிவான ரசீது கிடைப்பது அரிது.

டெல்லியில் எங்கே உட்காரலாம்

மண்டி ஹவுஸ் மெட்ரோவுக்கு அருகே பாரகம்பா சாலையில் சப்ரு ஹவுஸ் நூலகம் இருக்கிறது. பழைய பத்திரிகை நறுக்குகளுக்கு முதலில் அங்கே போங்கள். வெளியுறவு அமைச்சகம் 1955 முதல் மாதந்தோறும் வெளியிட்ட ‘ஃபாரின் அஃபேர்ஸ் ரெக்கார்டு’ தொகுப்பில் கூட்டறிக்கைகள் முழுமையாகக் கிடைக்கும். ஒரே இரு நாடுகளின் இரண்டு கூட்டறிக்கைகளை அடுத்தடுத்து வைத்து, காணாமல் போன பத்தியைத் தேடுங்கள். பாதுகாப்பு விஷயத்துக்கு ராவ் துலாராம் மார்க்கில் உள்ள மனோகர் பாரிக்கர் நிறுவன நூலகம். இந்திரா காலத்துக்கு, தீன் மூர்த்தி நூலகத்தில் உள்ள, அவருடைய ஆலோசகர் பி.என்.ஹக்ஸரின் தாள்கள். ஜன்பத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 25 ஆண்டு கடந்த கோப்புகள் வரவேண்டும் என்பது விதி, வெளியுறவுக் கோப்புகள் மெதுவாகத்தான் வருகின்றன. நேரில் போவதற்கு முன் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எல்லா இடத்துக்கும் கல்லூரி அல்லது நிறுவனத்தின் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டு போனால் வாசலில் நேரம் வீணாகாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டி இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்பவர்களுக்கு, வெளிநாட்டு உறவைக் காரணம் காட்டும் 8(1)(அ) பிரிவுதான் பெரும்பாலும் பதிலாக வரும். நாடாளுமன்றக் கேள்வி நல்ல வழி. இதுவரை வந்த பதில்கள் இரு அவைகளின் தளத்திலும் அமைச்சகத்தின் தளத்திலும் உள்ளன. புதிதாகக் கேட்க வேண்டுமென்றால் உங்கள் தொகுதி எம்.பி.யின் உதவியாளரைக் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே பிடியுங்கள், மக்களவையில் கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ‘நம் கொள்கை சுதந்திரமானதா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று வரும். எந்தத் தேதியில், எந்த நாட்டிடமிருந்து, எந்தப் பொருளை எவ்வளவு வாங்கினோம் என்று கேட்டால் அட்டவணை வரும்.